இன்னும் 17 நாள்தானே, வலியோடு நடந்து முடித்துவிடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 44, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் எடுக்கிறார். நடைப்பயிற்சி பற்றிய ரீல்ஸ் ஓயாமல் கண்ணில் பட, மூன்று மாதத்துக்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து '100 நாள் சேலஞ்ச்' தொடங்கியிருக்கிறார். தினமும் 10,000 ஸ்டெப்ஸ், இரவு 12 மணிக்குள் ஸ்கிரீன்ஷாட் போட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து. இப்போது அவருக்கு 83-வது நாள்.

முதல் ஒன்றரை மாதம் அருமையாகப் போயிருக்கிறது. நல்ல தூக்கம், மூன்று கிலோ எடை குறைவு, மனசும் லேசாக இருந்ததாம். அப்புறம் குதிகாலில் வலி. காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்றும்போது ஆணி குத்துவதுபோல் இருக்கிறது, கொஞ்சம் நடந்ததும் குறைகிறது, சாயங்காலம் மறுபடி வருகிறது. அதனால் நடக்கப் போவதற்கு முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். "போன வாரம் ஒரு நாள் ராத்திரி 11:40-க்கு 1,300 ஸ்டெப் பாக்கி இருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் நொண்டிக்கொண்டே நடந்தேன். வலி தாங்காமல் நின்று, கையை மட்டும் வீசிப் பார்த்தேன். வாட்ச் அதையும் எண்ணியது. அழுகை வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது இரண்டு கேள்விகள். இன்னும் 17 நாள்தான் இருக்கிறது, எப்படியாவது முடித்துவிடலாமா? எடை குறைவது நின்றுவிட்டதால், வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி நடக்கும் 'ஜப்பான் நடை'க்கு மாறினால் சீக்கிரம் பலன் கிடைக்குமா?

ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இன்னொரு வரி இருக்கிறது. எவ்வளவு வேகமாக நடந்தாலும் வாட்ச்சில் இதயத்துடிப்பு 'ஃபேட் பர்ன்' (கொழுப்பு எரியும்) பகுதிக்கு ஏறவே இல்லையாம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரைதான் அதற்குக் காரணம் என்று குழுவில் ஒருவர் சொல்ல, 'நடையே மருந்து' என்று ஒரு வீடியோவும் பார்த்துவிட்டு, மெட்டோப்ரோலால் மாத்திரையை ஒன்பது நாளாக நிறுத்தியிருக்கிறார். இரண்டு நாளாகக் கொஞ்சம் படபடப்பு, நடையினால்தான் இருக்கும் என்கிறார்.

அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வருகிறேன். நீங்கள் கேட்காத அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் மாத்திரை, இன்றைக்கே

இதைப் படித்து முடித்ததும், முடிந்தால் படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டாவது, உங்களுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு ஒரு போன் செய்யுங்கள். "ஒன்பது நாளாக மெட்டோப்ரோலால் எடுக்கவில்லை, படபடப்பு இருக்கிறது, கூடவே வலி மாத்திரையும் போடுகிறேன்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து எதையும் மறைக்க வேண்டாம். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து இரட்டை மாத்திரை போடுவதும் வேண்டாம், எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம், தாங்க முடியாத தலைவலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் போனுக்காகக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், மெட்டோப்ரோலால் 'பீட்டா பிளாக்கர்' என்ற வகையைச் சேர்ந்தது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் இதயத்தை முடுக்கிவிடும் வாசலை அது பாதி சாத்தி வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் அப்படி இருந்து பழகிய உடம்பு, அந்த வாசல்களை இன்னும் கூர்மையாக்கி வைத்துக்கொள்கிறது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். துடிப்பு ஏறும், அழுத்தம் முன்பிருந்ததைவிடக் கூடலாம், இதய ரத்தக்குழாயில் வெளியே தெரியாத அடைப்பு இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியும் வரலாம். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரங்களில்தான் இதற்கு வாய்ப்பு அதிகம். அதனால்தான் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டிய நிலை வந்தால்கூட மருத்துவர்களாகிய நாங்கள் படிப்படியாகக் குறைப்போம். உங்கள் படபடப்புக்கு நடை காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், நான் முதலில் சந்தேகப்படுவது விட்டுப்போன மாத்திரையைத்தான்.

வாட்ச் விஷயத்தில் உங்கள் குழு நண்பர் சொன்னதில் பாதி உண்மை. இந்த மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அது வேலை செய்யும் விதமே அதுதான். வாட்ச்சில் வரும் ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளெல்லாம் பெரும்பாலும் 220-லிருந்து வயதைக் கழித்துப் போட்ட பொதுக் கணக்கு. நீங்கள் மாத்திரை எடுக்கிறீர்கள் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. துடிப்பு 105-ல் இருக்கும்போதே உங்கள் உடம்பு நன்றாக உழைத்துக்கொண்டிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி, நடந்துகொண்டே பேசிப் பார்ப்பது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் கடும் உழைப்பு. பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவுகோலே இதுதான்.

வலி மாத்திரையையும் பார்த்துவிடுவோம். எது என்று நீங்கள் எழுதவில்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையாக இருந்தால் அது அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. ஒரு பக்கம் அழுத்த மாத்திரை நின்றிருக்கிறது, இன்னொரு பக்கம் அழுத்தத்தை ஏற்றும் மாத்திரை தினமும் உள்ளே போகிறது. இரண்டும் ஒரே சேலஞ்சுக்காக. அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு பதறியது.

'நடையே மருந்து' என்பதில் தப்பில்லை, அளவு தெரிய வேண்டும், அவ்வளவுதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தொடர்ந்து நடப்பது மேல் அழுத்தத்தை, அதாவது இரண்டு எண்களில் பெரியதை, சராசரியாக 4 புள்ளி போலக் குறைக்கிறது. நல்ல விஷயம், மாத்திரையோடு சேரும்போது இன்னும் நல்லது. நாளடைவில் உங்கள் எண்கள் நன்றாக இறங்கினால் மருத்துவரே ஒரு மாத்திரையைக் குறைக்கலாம், அப்படிப் பலருக்குக் குறைத்திருக்கிறோம். ஆனால் அதை முடிவு செய்வது வீட்டில் வாரக்கணக்கில் அளந்து எழுதிய அழுத்தக் கணக்கு. ஸ்டெப்ஸ் கணக்கை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது

1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அந்தச் சூட்டோடு மக்களுக்கு உடற்பயிற்சி ஆர்வம் கூடியிருந்த நேரத்தில், 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி எண்ணும் கருவி. சொல்ல எளிது, நினைவில் நிற்கும், பொருளும் விற்கும். எந்த மருத்துவமனையும் ஆராய்ந்து கண்டுபிடித்த எல்லைக்கோடு இல்லை அது. அறுபது வருடம் கழித்து அதே எண் உங்கள் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சில் பச்சை வளையமாக உட்கார்ந்திருக்கிறது.

பிறகு நிஜமாகவே எண்ணிப் பார்த்தார்கள். 2019-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் சராசரி வயது 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு நடைமானி கட்டிவிட்டுச் சில வருடங்கள் கவனித்தார்கள். தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் சமமாகிவிட்டது. 2025-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த தொகுப்பாய்வும் ஏறக்குறைய 7,000 அடியில் பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடுகிறது என்றே சொல்கிறது. அதற்கு மேல் நடப்பது வீண் என்று சொல்லவில்லை. உங்கள் வயதில் 8,000, 9,000 வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் ஏறலாம். ஆனால் 8,700-ல் நின்றால் அந்த நாள் 'தோல்வி' என்பது எந்த ஆய்விலும் இல்லாத விஷயம். உலக சுகாதார நிறுவனமும் அடிகளை எண்ணச் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இந்த இரண்டாவது பாதியை ரீல்ஸில் யாரும் காட்டுவதில்லை. உங்கள் குதிகாலுக்கு இப்போது தேவைப்படுவது அந்தப் பாதிதான்.

குதிகால்

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்ற பாத நார்ப்பட்டை வலி மாதிரி இருக்கிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. நாளுக்கு 3,000 அடிகூட நடக்காத கால் ஒரே வாரத்தில் 10,000-க்குத் தாவும்போது நுரையீரலும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும், நாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று நாம் கூட்டிக்கொண்டே போவோம், அடியில் இருக்கும் பட்டைக்கு ஓய்வு நாளே கிடைக்காது. உங்களுக்கு 83 நாளில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

இன்று ராத்திரி ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலின் அடியை விட்டுவிட்டு, இரண்டு பக்கவாட்டிலும் உள்ளங்கைகளை வைத்து நன்றாக அழுத்துங்கள். அடியில் குத்தினால் வலித்து, பக்கவாட்டு அழுத்தத்துக்குப் பெரிதாக வலிக்கவில்லை என்றால் நார்ப்பட்டைதான் என்பதற்கு வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் அழுத்தும்போது சுரீரென்று வலித்தால், அல்லது நடக்க நடக்க வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், படுத்திருக்கும்போதும் வலித்தால், வீங்கியிருந்தால், அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். அப்படியானால் மேற்கொண்டு ஓர் அடிகூடக் கணக்குக்காக நடக்காதீர்கள், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போகலாம், அதனால் வலி எப்போது எப்படி வருகிறது என்பதை அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

நார்ப்பட்டை வலிதான் என்றால் முழு ஓய்வு தேவையில்லை, சுமையைக் குறைத்தால் போதும். காலையில் எழுந்ததும் காலை ஊன்றுவதற்கு முன் கட்டிலிலேயே உட்கார்ந்து, கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணி விடுங்கள், பத்து முறை. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். கால் கொஞ்சம் தேறியதும், ஒருநாள் விட்டு ஒருநாள், மாடிப்படியின் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, விரல்களை அதன்மேல் ஏற்றி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக மூன்று எண்ணி உயர்த்தி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்குங்கள். பார்க்கச் சின்ன விஷயமாகத் தெரியும். வெறும் நீட்டல் பயிற்சியைவிட இது மூன்று மாதத்தில் நன்றாக வேலை செய்ததாக ஓர் ஆய்வு உண்டு, ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தால் அந்தக் கணக்கு நீண்டுகொண்டே போகும், ஏனென்றால் 'போதும்' என்று கால் சொல்வதை நீங்கள் கேட்க முடியாமல் செய்துவிடுகிறீர்கள்.

ஆக, 17 நாள் கேள்விக்கு என் பதில், வேண்டாம். இன்றோடு நிறுத்துங்கள், சேலஞ்சை. நடையை நிறுத்தச் சொல்லவில்லை.

நிறுத்தினால் 83 நாள் உழைப்பும் போய்விடும் என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. போகாது. சேலஞ்சில்தான் ஒரு நாள் தவறினால் பூஜ்யம், உடம்பு அப்படிக் கணக்கு வைப்பதில்லை. சில நாள் குறைத்து நடந்தால் எதுவும் கரைந்துவிடாது. உங்கள் கால் தசையில், தூக்கத்தில், இறங்கிய மூன்று கிலோவில் அந்த 83 நாளும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

ஜப்பான் நடையும் மற்றவையும்

ரீல்ஸில் ஓடும் நடைகளிலேயே நான் மதிக்கும் நடை இது. மாட்சுமோட்டோவில் உள்ள ஷின்ஷூ பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் வைத்துப் பார்த்தது. 3 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து சுற்றாவது, வாரத்தில் நான்கு நாளாவது. 2007-ல் வெளியான அவர்களது ஆய்வில், ஒரே சீராக நடந்தவர்களைவிட இப்படி மாற்றி நடந்தவர்களுக்குத் தொடைவலு, உடல்திறன், மேல் அழுத்தம் மூன்றிலும் கூடுதல் முன்னேற்றம் இருந்தது. ஆனால் அந்த ஆய்வு நடந்தது ஐந்து மாதம். வாரத்துக்கு நான்கு நாளே போதும் என்பதையும் கவனியுங்கள், மீதி நாளில் ஓய்வுக்கு அதற்குள்ளேயே இடம் இருக்கிறது. "பத்து மடங்கு பலன்" என்று ரீல்ஸ் போடுபவர்கள் இந்த இரண்டையும் வெட்டிவிடுகிறார்கள்.

உங்களுக்கு இது ஏற்றது, இப்போதைக்கு வேண்டாம். மாத்திரை சீராகி, காலை முதல் அடி வலிக்காமல் இரண்டு வாரம் போன பிறகு, மருத்துவர் சரி என்றால், இரண்டு சுற்றில் தொடங்குங்கள். வேகத்தை வாட்ச்சை வைத்துப் பார்க்காமல் மேலே சொன்ன பேச்சுச் சோதனையை வைத்துப் பாருங்கள்.

டிரெட்மில்லில் 12-3-30 (12 சதவீத ஏற்றம், மணிக்கு 3 மைல் வேகம், 30 நிமிடம்) பற்றியும் எடை ஜாக்கெட் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 12 சதவீத ஏற்றத்தில் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாரும் முழு இழுப்பில் இருக்கும், எடை ஜாக்கெட் அதே குதிகாலுக்கு இன்னும் பாரம். இரண்டும் உங்களுக்கு இப்போது கூடாது.

எடை ஏன் நின்றுவிட்டது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குப் பிசகு. 70 கிலோ எடை உள்ளவர் 10,000 அடி நடந்தால், அது ஏறக்குறைய 7 கிலோமீட்டர், கூடுதலாகச் செலவாவது சுமார் 250, 300 கலோரிதான். வாட்ச் 550 காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னவைகூட கலோரியில் கோட்டைவிட்டன, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. வாட்ச் சொன்னதை நம்பி அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டால் எடை அசையாது. நீங்கள் ஒழுங்காக நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடந்தால் அடுத்த நாள் பசி கூடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று வாரம்

ஸ்டெப் இலக்கை வாட்ச்சில் 4,000 என்று மாற்றுங்கள், இல்லை என்றால் வாட்ச்சையே கழற்றிவிடுங்கள், எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு பத்து நிமிட மெதுநடை, அது சர்க்கரை ஏற்றத்தையும் குறைக்கும். கால் முதல்நாளைவிட அடுத்தநாள் காலையில் அதிகம் வலித்தால் ஐந்து நிமிடமாக்குங்கள். மூச்சு வாங்க ஆசையாக இருந்தால் சைக்கிள் அல்லது நீச்சல், அதுவும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. இரவு ஒன்பதுக்கு மேல் கணக்குக்காக ஓர் அடிகூடக் கிடையாது. வலி தணிந்தபின் வாரத்துக்கு 500 அடி வீதம் ஏற்றினால் போதும், கோடை வருவதற்குள் முடிக்க வேண்டும், விழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று தேதி எதுவும் வைக்காதீர்கள்.

குழுவில் என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். "கால் வலிக்கிறது, மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார்" என்பது முழுப் பதில். என்ன வலி, என்ன மாத்திரை என்று விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை, அது உங்கள் சொந்த விஷயம். அதேபோல, ஸ்கிரீன்ஷாட்டோடு நடந்த பாதையின் வரைபடத்தையும் போடுவதாகச் சொன்னீர்கள். ஒரு பெண் எந்த வீட்டிலிருந்து, அதிகாலை எத்தனை மணிக்கு, எந்த வழியாகத் தனியாகப் போகிறாள் என்று தினமும் அறிவிப்பதற்குச் சமம் அது. நடை, ஓட்டப் பாதைகளைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகளே தெரிந்துவிட்டதை 2018-ல் உலகமே பேசியது. பழைய பதிவுகளையும் அழித்துவிடுங்கள், செயலியில் பாதையைத் தனிப்பட்டதாக மாற்றும் வசதி இருக்கும்.

இந்த நடை ரீல்ஸ்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்காலியை விட்டு எழாத ஒருவரை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தது அதுதான், பல வருடமாக நாங்கள் சொல்லிப் பார்த்தும் நடக்காத காரியம். முதல் ஒன்றரை மாதம் உங்களுக்குக் கிடைத்த அந்தத் தூக்கத்தையும் லேசான மனசையும்தான் நான் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

மருத்துவரைப் பார்க்கும்வரை காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், அழுத்தத்தையும் துடிப்பையும் அளந்து ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அன்று என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, காலை முதல் அடி எவ்வளவு வலித்தது என்பதையும் எழுதுங்கள். போகும்போது அந்த நோட்டையும், நீங்கள் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.